கேட்டதாக நான் சொன்ன குரல்

போன வெள்ளிக்கிழமை ஜெபத்துல நான் பாதியில எழுந்து போய்ட்டேன் இல்ல, அதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னீங்களாம். ஒருத்தி எனக்குச் சர்க்கரை எறங்கிடுச்சின்னாளாம். இன்னொருத்தி, கெழவிக்குக் கோவம் மூக்கு மேலன்னாளாம். கோவக்காரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு அது கோவம் இல்ல. முப்பது வருஷம் ஒரே கம்பெனி பஸ்ஸுல போய், ஒரே லைன்ல உக்காந்து ஷூ தச்சவங்க நாம. என் கல்யாணத்துல இருந்து கண்ணு ஆபரேஷன் வரைக்கும் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்த ஒண்ண மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்ல. நேர்ல சொல்ல வாய் வராது, அதான் எழுதிக் குடுக்கறேன். ஒருத்தி படிங்க, மத்தவங்க கேளுங்க.

நம்மள்ல ஒருத்தியோட புருஷன் ஆஸ்பத்திரியில கெடக்காரு. அவருக்காகத்தான் கூடினோம். பாட்டு, ஜெபம் எல்லாம் சரியாத்தான் போச்சி. அப்புறம் அவ பேத்திய கூப்ட்டு நடுவுல உக்கார வெச்சீங்க. ஏழு வயசு, ரெட்ட ஜடை. எல்லாரும் அது தலமேல கைய வெச்சீங்க. "தாத்தாவப் பத்தி ஆண்டவர் இன்னா சொல்றாரு, கேட்டுச் சொல்லு கண்ணு"ன்னு கேட்டீங்க. அந்தக் குட்டி கண்ணத் தொறந்து ஒவ்வொரு மொகமா பாத்துச்சி. எந்த மொகம் இன்னா கேக்குதுன்னு தேடுற பார்வை அது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதுக்கு மேல அங்க உக்கார முடியல.

எனக்கு அப்ப ஒம்பது வயசு. ஆம்பூர்ல தோல் ஷாப்புக்குப் பின்னால லைன் வீடு. தோல் பதனிடற எடத்த அந்தக் காலத்துல ஷாப்புன்னுதான் சொல்வோம். எங்கப்பாவுக்கு சுண்ணாம்புத் தொட்டியில வேலை. மயிரு கழண்டு வர்றதுக்காகத் தோல சுண்ணாம்புல ஊற வெப்பாங்க இல்ல, அத நீட்டக் கம்பால இழுத்து மேல போடணும். ஈரத் தோலு, மாட்டு கனம் கனக்கும். சாயங்காலம் ஷாப்புச் சங்கு ஊதுன கொஞ்ச நேரத்துல அப்பா வந்துடுவாரு. கெணத்தடியில சிவப்பு சோப்ப மூணு தரம் போட்டுக் குளிப்பாரு. அப்பவும் அந்த வாசன போவாது. நக இடுக்குல வெள்ளையா சுண்ணாம்பு இருக்கும். பள்ளிக்கூடத்துல பசங்க என்னப் பாத்து மூக்கப் புடிப்பாங்க. எனக்கு அந்த வாசன வந்தா அப்பா வந்துட்டாருன்னு அர்த்தம். அவ்ளோதான்.

ஓய்வுநாள் பள்ளியில பரமபிதா, பரமபிதான்னு சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச பிதா ஒருத்தருதான். அதனால பரலோகத்துலயும் காலையில சங்கு ஊதும், அவரும் எங்கயோ வேலைக்குப் போவாரு, சாயங்காலம் கை கால் கழுவிட்டு வந்து உக்காருவாருன்னு நெனச்சிக்கிட்டேன். ஜெபம் பண்ணி முடிக்கறப்ப, ஆமென் சொல்றதுக்கு முன்னாடி, "சாப்ட்டீங்களாப்பா"ன்னு ஒரு கேள்வி கேப்பேன். அம்மா ஒரு நாள் அதக் கேட்டுட்டு தொடையில கிள்ளிட்டாங்க. ஆண்டவராண்ட பேசற பேச்சாடி இதுன்னு. அப்பா சிரிச்சாரு.

"கேக்கட்டும் வுடு. எல்லாரும் அவராண்ட குடு குடுன்னுதான் நிக்கறோம். சாப்ட்டியான்னு யாரு கேட்டாங்க?"

அப்பா எனக்கு ஒரு பை தச்சிக் குடுத்திருந்தாரு. ஷாப்புல கழிச்சிப் போடற துண்டுத் தோலு. உள்ளங்கைய விரிச்சி வெச்சா அந்த அளவு, மேல ஒரு மூடி, பித்தள பொத்தான். ஓய்வுநாள் பள்ளியில வாரத்துக்கு ஒரு கலர் படம் குடுப்பாங்க, அதப் போட்டு வெக்கிறதுக்கு. மழை நாள்ல அந்தப் பைய மோந்து பாத்தா அப்பா கையி மாதிரியே இருக்கும். பின்னாடி வீடு மாத்துனப்ப எங்கயோ போச்சி. போன பொருளுன்னு நான் இன்னைக்கும் தேடறது அது ஒண்ணத்தான்.

அந்த வருஷம் கோடையில அப்பாவுக்குக் கை கால்ல அங்கங்க கன்னிப்போயி நீலம் பாஞ்சிது. எங்கயாவது இடிச்சிக்கிட்டிருப்பேன்னாரு. பல்லு தேச்சா ரத்தம் வந்துது. தொட்டிக்குப் பக்கத்துலயே ஒரு நாள் குந்திட்டாராம், எழுந்திரிக்க முடியல. அம்மா அவருக்குச் சூடு ஜாஸ்தின்னு எளநி வாங்கிக் குடுத்தாங்க. ஒரு மாசம் எளநியிலயே போச்சி. அப்புறந்தான் வேலூர் ஆஸ்பத்திரி. ஒடம்புல ரத்தம் ஊறலன்னு சொன்னாங்க. வெளிய இருந்து ஏத்திக்கிட்டே இருக்கணுமாம்.

அப்பாகூட தொட்டியில வேல செஞ்ச ஒரு பாய் இருந்தாரு. ரெண்டு பேரும் தோஸ்து தோஸ்துன்னுதான் கூப்ட்டுப்பாங்க. அவரு ரத்தம் அப்பாவுக்குச் சேந்துது. பஸ்ஸேறி வேலூர் போய்க் குடுத்துட்டு வருவாரு. ஊருக்கு வந்ததும் எங்க வீட்டு வாசல்ல நின்னு, "உங்கப்பன் ஒடம்புல இப்ப என் ரத்தம்தான் ஓடுது. இனிமே அவனுக்கு ரசம் சோறு எறங்காது, பிரியாணிதான் எறங்கும் பாத்துக்கோ"ம்பாரு. நான் சிரிப்பேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடச்சிப்பாங்க.

எங்க கோயிலுக்குப் பாதிரி ஐயரு மாசத்துக்கு ஒரு தரம்தான் வருவாரு. மத்தபடி எல்லாம் உபதேசியாரும் அவரு சம்சாரமும்தான். உபதேசியாரம்மா நல்லவங்க. அதையும் சொல்லிடணும், ஏன்னா இந்தக் கதையில அவங்கள நீங்க திட்டுவீங்க. அப்பா படுத்தப்புறம் எங்க வீட்ல பாதி நாள் அவங்க வீட்டுச் சோறுதான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவங்க வீட்ல பொம்பளைங்க உபவாச ஜெபம். காலையில இருந்து பச்சத் தண்ணி கெடையாது. பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சா மூணு மணிக்கு முடியும். அப்புறம் உப்புமாவும் டீயும்.

பெரிய கஷ்டம்னா ஒரு கொழந்தைய நடுவுல உக்கார வெக்கிறது எங்க தெருப் பொம்பளைங்களோட வழக்கம். பெரியவங்க வாய் ஆயிரம் பேசின வாய், கொழந்த வாய்க்குக் கள்ளம் தெரியாது, அதுக்கு ஆண்டவர் ஒடனே பதில் சொல்லுவாருன்னு ஒரு நம்பிக்க. எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்காக என்னையே உக்கார வெச்சாங்க. கொழந்தைங்கள உபவாசம் இருக்கச் சொல்ல மாட்டாங்க. ஆனா நடுவுல உக்காருற புள்ள மட்டும் பட்டினி இருக்கணும்.

ஜன்னல் சாத்தி இருக்கும். வெயில்ல ஓடு சுடும். பத்துப் பன்னெண்டு பேரு, தேங்கா எண்ணெ வாசன, வாடுன மல்லி வாசன. அத்தன கையும் என் தலமேல. கழுத்து உள்ள எறங்கிடும்போல கனம். எங்கம்மா கையி எதுன்னு எனக்குத் தெரியும், அதுமட்டும் என் முடிய நீவிக்கிட்டே இருக்கும்.

மொத வெள்ளிக்கெழம ஜெபம் முடிஞ்சதும் உபதேசியாரம்மா குனிஞ்சி, "பிதா எதுனா பேசுனாராடா?"ன்னு கேட்டாங்க. நான் யோசிச்சிப் பாத்துட்டு, "இல்லீங்க, ஒண்ணும் கேக்கல"ன்னேன். பரவால்ல, அடுத்த வாரம் கேக்கும்னாங்க. ரெண்டாவது வாரமும் கேக்கல. மூணாவது வாரம் நான் இல்லன்னு சொன்னதும் ஒருத்தி மெதுவா உச்சுக் கொட்டுனா. எங்கம்மா மொகத்தப் பாத்தேன். எண்ணெ தீந்தா வெளக்கு எப்படி சுருங்கும், அப்படி சுருங்கிப்போச்சி. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பாண்ட குந்திக்கிட்டு, முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு அழுதாங்க. நான் பாக்கலன்னு நெனச்சிருப்பாங்க.

நாலாவது வெள்ளிக்கெழம. பசி காதை அடைக்குது. உபதேசியாரம்மா கேட்டாங்க. நான் கண்ணத் தொறந்து சுத்தியும் பாத்தேன். எல்லா மொகமும் ஒரே ஒரு வார்த்தையத்தான் கேட்டுச்சி.

"அப்பா வீட்டுக்கு வந்துடுவாராம். ஒடம்பு சரியாயிடுச்சாம். பிதா சொன்னாரு"ன்னேன்.

எங்கம்மா வாயில இருந்து ஒரு சத்தம் வந்துது. அந்த மாதிரி சத்தம் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல. என்னத் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. எல்லாரும் அழுதாங்க, சிரிச்சாங்க, எனக்கு மொதத் தட்டு உப்புமா குடுத்தாங்க, முந்திரியாப் பொறுக்கிப் போட்டு. உண்மையச் சொல்லணும்னா எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சி. அம்மா சிரிச்சி ரெண்டு மாசம் ஆச்சி. நான் ஒரு வார்த்த சொன்னேன், சிரிச்சிட்டாங்க.

அங்கயே ஒக்காந்து முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் கூட்டம். சொகம் கெடச்சாச்சின்னு பிதாவே சொல்லிட்டாரு, இனி ஆஸ்பத்திரியில படுக்க வெச்சா அது அவிசுவாசம், அவரு சொன்னத நம்பலன்னு ஆயிடும். வியாதிக்காரனக் கூட்டியாந்து முன்னால உக்கார வெச்சி, எல்லாரும் நன்றி சொல்லணும். நான் எழுந்து சாட்சி சொல்லணும். நான் உப்புமாத் தட்டக் கீழ வெச்சிட்டேன். ஒரு வார்த்த சொன்னா சிரிப்பாங்கன்னுதான் நெனச்சேன். வண்டி கட்டிட்டுப் போய் அப்பாவ அழச்சிட்டு வருவாங்கன்னு நெனக்கல.

மறுநா சனிக்கெழம அம்மா என்னக் கூட்டிக்கிட்டு வேலூர் பஸ் ஏறுனாங்க. மாதனூர் தாண்டறப்ப ஜன்னல் காத்துல அம்மா தூங்கிட்டாங்க. ரெண்டு மாசமா அவங்க தூங்கி நான் பாக்கல. எழுப்பிச் சொல்லிடலாம்னு மூணு தரம் கைய நீட்டுனேன். தூங்கற மொகத்தப் பாத்துட்டு கைய எடுத்துக்கிட்டேன்.

வார்டுல அப்பா சுவத்துப் பக்கம் கட்டில். துணி காயப் போட்ட மாதிரி படுத்திருந்தாரு. அவராண்ட அந்த வாசனையே இல்ல. மருந்து வாசனதான். அது எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சி. பாய் முழங்கையில பஞ்ச அழுத்திக்கிட்டு பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு, அன்னைக்கும் ரத்தம் குடுத்திருக்காரு. அம்மா மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னாங்க. பாய் கேட்டுட்டு தலைய ஆட்டுனாரு.

"தங்கச்சி, உங்க ஜெபம், எங்க துவா, அது ஒரு கையி, டாக்டரு ஒரு கையி. ஒண்ண வுட்டுட்டு ஒண்ணப் புடிக்காதம்மா."

அப்பா என்னையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "தோஸ்து, ரத்தம் குடுத்துட்டு வெறும் வயித்துல உக்காந்திருக்க. இவளும் ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டா. போய் ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க. பாப்பா இருக்கட்டும்"னாரு.

அவங்க போனாங்க. அப்பா கட்டில்ல ஒரு பக்கமா நவுந்து எடம் வுட்டாரு. நான் ஏறிப் படுத்தேன். ஊசி குத்தாத கையால என்னச் சுத்திப் புடிச்சிக்கிட்டாரு. அப்புறம் காதாண்ட கேட்டாரு.

"நெஜமாவே பேசுனாரா?"

நான் அவரு சட்டைக்குள்ள மொகத்த வெச்சிக்கிட்டு தலைய ஆட்டுனேன், இல்லன்னு.

"ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கல. ஒரு வாரமும் கேக்கலப்பா. நான் பொய் சொல்லிட்டேன்."

"ஏன் கண்ணு?"

"அம்மா அழுவுறாங்க."

அவரு நெஞ்சு ஒரு தரம் ஏறி எறங்குச்சி. அழுவுறாரோன்னு நிமிந்து பாத்தேன். சிரிச்சிட்டுதான் இருந்தாரு, கண்ணுல தண்ணியோட.

"எங்கிட்ட சொல்லிட்ட இல்ல. போதும். நீ இனிமே இத தூக்கிட்டுத் திரியாத. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன்னா, அம்மாவாண்ட சொல்லிடுவாரு, ஆஸ்பத்திரியிலயே இருப்பாருன்னுதான் ஒம்பது வயசுப் புள்ளைக்குப் புரியும். எனக்கு ஒடம்பே லேசாயிடுச்சி. நர்ஸ் வந்து கட்டில்ல படுக்கக் கூடாதுன்னு அதட்டினாங்க. எறங்கி நின்னேன். அம்மாவும் பாயும் வந்தாங்க. அப்பா அம்மாவப் பாத்து, "போலாம். வீட்டுக்குப் போலாம்"னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. வாயத் தொறந்தேன். அப்பா என்னப் பாத்து லேசாத் தலைய ஆட்டுனாரு, வேணான்னு.

சின்ன வயசு டாக்டரு ஒருத்தரு வந்தாரு. இன்னும் ரத்தம் ஏத்தணும், இப்பப் போவக் கூடாதுன்னு எதமாத்தான் சொன்னாரு. அப்பா எங்க எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லிட்டு அவராண்ட தனியாப் பேசுனாரு. பச்சத் துணி மறைப்பு போட்டிருந்தாங்க. அதுல ஒரு கிழிசல். அது வழியாப் பாத்தேன். டாக்டரு ஏதோ சொல்றாரு, அப்பா கேக்கறாரு. அப்பா ஏதோ கேக்கறாரு, டாக்டரு கொஞ்ச நேரம் தரையப் பாக்கறாரு. அப்புறம் அப்பா தோள்ல கைய வெச்சாரு. ஒரு வார்த்தையும் என் காதுல வுழல. அப்பா காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு.

இந்த ஒரு எடத்துலதான் நான் அம்பது வருஷத்துக்கும் மேல நின்னுக்கிட்டு இருக்கேன். அந்தக் கிழிசலாண்ட. இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல, எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு டாக்டரு சொன்னாரா? இல்ல, இருந்தா பொழச்சிக்குவன்னு சொல்லியும், எம்பொண்ணு ஊர் முன்னால பொய்க்காரி ஆவக் கூடாதுன்னு எங்கப்பா எழுந்து வந்துட்டாரா? மொதல்துன்னா நான் ஒண்ணும் பண்ணல. ரெண்டாவதுன்னா எங்கப்பாவ நான்தான் கொன்னேன்.

பாய்க்கு இஷ்டமே இல்ல. ஆனா ஷாப்புல சொல்லி வேன் கொண்டாந்தது அவருதான்.

ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் கூட்டம். கோயில்ல முன்னால ஒரு நாற்காலி போட்டு அப்பாவ உக்கார வெச்சாங்க. பாட்டு முடிஞ்சதும் உபதேசியாரம்மா என்ன முன்னால தள்ளி, பிதா இன்னா சொன்னாரு, சபைக்குச் சொல்லுன்னாங்க. அத்தன கண்ணும் என்மேல. அப்பதான் பின்னால நாற்காலி கிறீச்சின்னு நவுந்துச்சி. அப்பா ரெண்டு கையாலயும் நாற்காலிய ஊனிக்கிட்டு எழுந்து நிக்கறாரு.

"எம்பொண்ணுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. அவளுக்குப் பதிலா நான் சொல்றேன்"னாரு. எங்கப்பா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒண்ணுதான்.

"சொகமாயிட்டேனான்னு எனக்குத் தெரியாது. அது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்துட்டேன். என் வீட்டுக் கெணத்துத் தண்ணிய எம்பொண்ணு மொண்டு குடுத்தா, குடிச்சேன். என் தோஸ்து எனக்கு அவன் ரத்தத்தக் குடுத்தான். இதுக்கெல்லாம் ஸ்தோத்திரம். எனக்கு அவ்ளோதான் சொல்லத் தெரியும்." சொல்லிட்டு உக்காந்துட்டாரு. இது சாட்சியா இல்லியான்னு யாருக்கும் புரியல. அப்புறம் யாரோ ஒருத்தரு அல்லேலூயா சொன்னாங்க.

அதுக்கப்புறம் பதினோரு நாள். கட்டில வாசலாண்ட போட்டோம், ஷாப்பு பக்கம் பாத்த மாதிரி. நான் அவருக்குத் தல சீவி வுடுவேன், சாத்துக்குடி உரிச்சிக் குடுப்பேன். சங்கு ஊதுனா, "தோஸ்து வருவான் பாரு"ம்பாரு. பாயும் வருவாரு. ஷாப்பு வாசனையோட ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க.

ஒரு நாள் சாயங்காலம் என்னக் கேட்டாரு. "அவராண்டயும் சொல்லிட்டியா?"

"யாராண்ட?"

"அவரு பேரச் சொல்லித்தானே பொய் சொன்ன? அவராண்ட சொல்லணும் இல்ல?"

"பயமா இருக்கு."

"எங்கிட்ட எப்படி சொன்ன? அப்படியே சொல்லு. அவரும் அப்பன்தானே. நவுந்து எடம் வுடுவாரு."

நாளைக்குச் சொல்றேன்னேன். அடுத்த நாளும் நாளைக்குன்னேன். பதினோராவது நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருந்து என்னக் கூட்டிட்டுப் போக பாய் வந்தாரு. சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சிக்கிட்டாரு. எங்க வீட்டு வாசல் முழுக்க செருப்பு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி.

அடக்கம் முடிஞ்சி மூணாம் நாள் ஜெபத்துக்கு வந்தப்ப உபதேசியாரம்மா எங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க. "ஆண்டவர் வாக்கு மாறாதவரு. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல யாரோ ஒருத்தருக்கு விசுவாசம் இல்லாமப் போயிருக்கு. அதான் தடையாயிடுச்சி." அவங்க அம்மாவுக்கு ஆறுதலாத்தான் சொன்னாங்க. அவங்களும் ரெண்டு புள்ளைங்களப் பொதச்சவங்கன்னும், அந்த ஒரு பேச்சப் புடிச்சிக்கிட்டுதான் அவங்களே நின்னாங்கன்னும் எனக்கு நாப்பது வயசுலதான் தெரிஞ்சிது. அன்னைக்கு நான் அம்மா முதுகுக்குப் பின்னால நின்னுட்டு இருந்தேன். அந்த யாரோ ஒருத்தரு யாருன்னு எனக்குத் தெரியும்.

அன்னையில இருந்து நான் ஜெபம் பண்ணல. கோயிலுக்கு வருவேன், பாடுவேன், உங்ககூட வெள்ளிக்கெழம உக்காருவேன். கண்ண மூடுவேன். உள்ள ஒண்ணும் பேச மாட்டேன். பேசுனா மொதல்ல எதச் சொல்லணும்னு தெரியும், அதான். கம்பெனியில புதுத் தோலுக் கட்டு பிரிக்கறப்ப நான் அப்படியே நிப்பேன், சூப்பர்வைசர் வந்து திட்டுவான், நீங்கல்லாம் சிரிப்பீங்க. இவளுக்குத் தோலப் பாத்தா சாமி வந்துடும்னு. அந்தக் கட்டுக்குள்ள இருந்து எங்கப்பா கொரலு வரும். நான் பாத்துக்கறேன்னு. அது ஆறுதலாத்தான் இருக்கும். ஆனா எதப் பாத்துக்கிட்டீங்க, எத வெச்சிப் பாத்துக்கிட்டீங்கன்னு கேக்கணும்போல இருக்கும்.

அம்மா அந்தப் பதினோரு நாளப் பத்திக் கடைசி வரைக்கும் பேசுனாங்க. ஆண்டவர் குடுத்த நாளுங்கன்னு. நான் சொல்லல. அம்மா போனப்புறம் ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்த தகரப் பொட்டியத் தொறந்தேன். டாக்டரு எதுனா எழுதியிருப்பாரு, படிக்கத் தெரிஞ்சவங்களாண்ட காட்டலாம்னு. அடியில துரு, மேல கரையான் அரிச்ச காகிதத் தூளு. எங்கப்பா போட்ட கையெழுத்துல கடைசி எழுத்து மட்டும் ஒரு துண்டுல இருந்துச்சி.

பாய் அப்ப இன்னும் இருந்தாரு. வயசாகி, மருமவ பிடிச்சிக் கூட்டியாந்து உக்கார வெச்சா உக்காருவாரு. போய்க் கேட்டேன். அன்னைக்கு டாக்டரு அப்பாவாண்ட இன்னா சொன்னாரு மாமான்னு.

"அத அவன் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல. வேன்ல வர்றப்ப நீயும் உங்கம்மாவும் தூங்கிட்டீங்க. அப்ப ஒண்ணு சொன்னான். 'தோஸ்து, எம்பொண்ணு ஊருக்கெல்லாம் ஒண்ணு சொன்னா, எங்கிட்ட வந்து நெஜத்தச் சொல்லிட்டா. எங்கிட்ட அவளுக்குப் பயம் இல்ல பாரு. இதுக்கு மேல ஒரு அப்பனுக்கு இன்னாடா வேணும்'னான். அப்படியே சிரிச்சிட்டே வந்தான், ஆம்பூர் வர்ற வரைக்கும்."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமா? நான் பொய் சொன்னது?"

"தெரியும். எனக்கு இன்னாத்துக்கு அது? அவன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டான் இல்ல"ன்னாரு.

அதுக்கும் மேல எனக்கு எந்தக் காகிதமும் கெடைக்கல. இனிமேலும் கெடைக்காது. எங்கப்பா எதுக்கு எழுந்து வந்தாரோ, அது அவருக்கும் அந்த டாக்டருக்கும் மேல இருக்கறவருக்கும்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, அவரு நவுந்து எடம் வுட்டது மட்டும்தான்.

வர்ற வெள்ளிக்கெழம நான் வர்றேன். அந்தக் குட்டிய யாரும் நடுவுல உக்கார வெக்காதீங்க. என் மடியில வுடுங்க. தாத்தாவுக்காக அது வாய்க்கு வந்தத ஜெபம் பண்ணட்டும். அழுதா அழட்டும். இன்னா கேட்டுச்சின்னு மட்டும் ஒருத்தியும் கேக்காதீங்க. கேட்டா அப்ப நெசமாவே என் கோவத்தப் பாப்பீங்க.

அன்னைக்கு எழுந்து எங்க போனேன்னு கேட்டீங்க இல்ல? எங்கயும் போவல. கோயிலுக்குப் பின்னால, தண்ணித் தொட்டியாண்ட செருப்பக் கழட்டிட்டு உக்காந்தேன். நல்ல வெயிலு. நாலாவது வெள்ளிக்கெழம நீங்க பேசல, பேசுனீங்கன்னு நான் சொல்லிட்டேன், அதுக்கப்புறம் இவ்ளோ நாளு உங்களாண்ட வர பயம்னு, எங்கப்பாவாண்ட சொன்ன மாதிரியே பிதாவாண்டயும் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், தண்ணி புடிக்க வந்த பொண்ணு திரும்பிப் பாத்துட்டுப் போனா. ஆமென் சொல்றதுக்கு முன்னாடி, எங்க இருந்து வந்துச்சோ தெரியல, "சாப்ட்டீங்களாப்பா"ன்னு வாய் கேட்டுடுச்சி. யாராண்ட கேட்டேன்னு எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். பதில் ஒண்ணும் கேக்கல. கேட்டுச்சின்னு நான் சொல்லவும் மாட்டேன்.